‘எஃப் 20’ தீர்ப்பு அன்று: மனச்சிதைவு நோயின் வகைப்பாடும் நம் மக்களின் சாட்சியமும்

சில ஆண்டுகளுக்கு முன், தென் மாவட்டம் ஒன்றில் வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்குகளை விசாரிக்கும் சிறப்பு நீதிமன்றம். ஆதிக்கச் சாதித் தெரு வழியாக இருசக்கர வாகனத்தில் சென்ற தலித் இளைஞன் ஒருவனை மறித்து அடித்த வழக்கு. பாதிக்கப்பட்டோர் தரப்பில் அரசுச் சிறப்பு வழக்கறிஞருக்கு உதவியாக நான் நின்றிருந்தேன். நேரில் கண்ட முதன்மைச் சாட்சி, களை எடுத்துவிட்டு அவ்வழியே திரும்பிக்கொண்டிருந்த ஒரு கூலித் தொழிலாளிப் பெண். யார் அடித்தார்கள், எதனால் அடித்தார்கள், அடிக்கும்போது என்ன சொல்லித் திட்டினார்கள் என்பதை அவர் தடுமாற்றமின்றிச் சொல்லி முடித்திருந்தார்.

குறுக்கு விசாரணை தொடங்கியது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் சம்பவத்தைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. “மாசாமாசம் பெரியாஸ்பத்திரியில மனநல மாத்திரை வாங்குறியா இல்லையா?” என்று ஒருமையில் கேட்டார். “ஆமாங்கய்யா” என்றார் அந்த அம்மா. வழக்கறிஞர் ஒரு புறநோயாளர் சீட்டின் நகலை உயர்த்திப் பிடித்தார். அதில் நோயின் பெயர் இல்லை. ‘எஃப் 20’ என்ற குறியீடு மட்டும் இருந்தது. “இது மனச்சிதைவு நோய்க்கான குறியீடு. இல்லாததைப் பார்ப்பதும் கேட்பதும்தான் இந்த நோய். இவருடைய சாட்சியத்தை எப்படி நம்புவது?” என்பது அவர் வாதம்.

அந்தக் குறியீட்டின் முழுப் பொருள் அன்று எனக்கும் தெரியாது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். சட்டக் கல்லூரியில் யாரும் கற்பிக்கவில்லை. நானும் தேடிப் படித்திருக்கவில்லை. அதன் பின்னரே படித்தேன், மனநல மருத்துவர்களிடம் கேட்டேன். நம் மக்களும், அவர்களுக்காக வழக்காடுவோரும், களத்தில் நிற்கும் தோழர்களும் அறிந்திருக்க வேண்டியதை இங்கே தொகுத்துத் தருகிறேன்.

குறியீடு எங்கிருந்து வருகிறது?

நோய்களை வகைப்படுத்திக் குறியீடு தருவதற்கென உலகச் சுகாதார அமைப்பு வெளியிடும் ஆவணம், ஐ.சி.டி. எனப்படும் பன்னாட்டு நோய் வகைப்பாடு. அதன் பத்தாம் பதிப்பில் மனநோய்கள் ‘எஃப்’ என்ற எழுத்தின் கீழ் வந்தன. மனச்சிதைவு நோய்க்கு, அதாவது ஸ்கிசோஃப்ரினியாவுக்கு, எஃப் 20 என்ற இடம் கிடைத்தது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த பதினோராம் பதிப்பில் அதே நோயின் குறியீடு 6ஏ20. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் டி.எஸ்.எம். என்ற தனிக் கையேட்டை வெளியிடுகிறது. அதன் ஐந்தாம் பதிப்பு 2013இல் வந்தது. உலகெங்கும் மருத்துவர்கள் இவ்விரண்டையும் அடிப்படையாகக் கொண்டே நோயைத் தீர்மானிக்கின்றனர்.

இந்நோய்க்கு இரத்தப் பரிசோதனை இல்லை. மூளையைப் படம் எடுத்து ‘இருக்கிறது, இல்லை’ என்று சொல்லவும் முடியாது. நோயாளியின் பேச்சு, நடத்தை, அவர் சொல்லும் அனுபவம், குடும்பத்தார் தரும் தகவல், இவை எவ்வளவு காலமாக நீடிக்கின்றன என்பது ஆகியவற்றைக் கொண்டே மருத்துவர் முடிவுக்கு வருகிறார். அதனால் இந்த நோய் கற்பனை என்று ஆகிவிடாது. ஆனால், ஒரு மனிதர் இன்னொரு மனிதரைக் கேட்டும் பார்த்தும் எடுக்கும் முடிவு என்பதால், இருவருக்கும் இடையே நிற்கும் சமூக இடைவெளி அந்த முடிவுக்குள் நுழைய வாய்ப்பு உண்டு. சாதியச் சமூகத்தில் இதை மறந்துவிட்டு இந்நோயைப் பற்றிப் பேச முடியாது.

வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மன் மருத்துவர் எமில் கிரெப்பெலின், இளம் வயதில் தொடங்கி அறிவாற்றலை அழித்துச் செல்லும் நோயாக இதைக் கருதி, ‘இளவயது அறிவழிவு’ எனப் பொருள்படும் பெயரைச் சூட்டினார். ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்த ஆய்கன் பிளாய்லர் அதை ஏற்கவில்லை. நோய் எப்போதும் இளமையில் தொடங்குவதில்லை, எப்போதும் அழிவில் முடிவதும் இல்லை என்பதைக் கண்ட அவர், 1908இல் ‘ஸ்கிசோஃப்ரினியா’ என்ற சொல்லை முன்வைத்தார். பிளத்தல், மனம் என்னும் இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது. சிந்தனை, உணர்ச்சி, செயல் ஆகியவற்றுக்கு இடையிலான இணைப்பு சிதைவதையே அவர் குறித்தார்.

இந்தப் பெயரால் விளைந்த குழப்பம் இன்றும் நீடிக்கிறது. 2005இல் வெளிவந்த ‘அந்நியன்’, ‘சந்திரமுகி’ ஆகிய படங்களில் நாம் கண்டது, ஒருவருக்குள் இன்னோர் ஆளுமை குடியேறும் நிலை. மனச்சிதைவு நோயாளி இரண்டு ஆட்களாக மாறுவதில்லை.

அறிகுறிகள்: முதல் தொகுதி

அறிகுறிகளை மருத்துவர்கள் பொதுவாக மூன்று தொகுதிகளாகப் பிரிக்கின்றனர். முதலாவது ‘நேர்மறை அறிகுறிகள்’. நல்ல அறிகுறிகள் என்று இதற்குப் பொருளில்லை. இயல்பான மனத்தில் இல்லாத ஒன்று புதிதாகச் சேர்வதையே இச்சொல் குறிக்கிறது.

மாயப்புலனுணர்வு: புறத்தே எதுவும் இல்லாதபோதே புலன்கள் உணர்வது. காணுதல், முகர்தல், தொடுவுணர்வு என எதிலும் இது நேரலாம். மிகுதியாக நேர்வது கேட்டலில். யாரோ தன்னைப் பற்றித் தமக்குள் பேசிக்கொள்வதுபோல், தன் ஒவ்வொரு செயலையும் விமர்சிப்பதுபோல், ‘இதைச் செய்’ என்று கட்டளையிடுவதுபோல் குரல்கள் கேட்கும். பாதிக்கப்பட்டவருக்கு அது பக்கத்து அறையில் ஒருவர் பேசுவதைப் போல முழு உண்மையாக இருக்கும். ‘அப்படி ஒன்றும் கேட்கவில்லையே’ என்று நாம் சொல்வதால் அந்தக் குரல் நின்றுவிடாது.

பிறழ்நம்பிக்கை: எதிரான சான்றுகளைக் காட்டினாலும் தளராத, உண்மைக்குப் புறம்பான உறுதியான நம்பிக்கை. தன்னைக் கொல்லச் சதி நடக்கிறது, தொலைக்காட்சியில் வரும் செய்தி தன்னைப் பற்றியே பேசுகிறது, தனக்குத் தனிப்பட்ட பேராற்றல் இருக்கிறது என்பன போன்றவை.

ஆட்படும் அனுபவம்: தன் எண்ணங்களை யாரோ உள்ளே திணிக்கிறார்கள், உருவி எடுக்கிறார்கள், அவை எல்லோருக்கும் ஒலிபரப்பாகின்றன, தன் கைகால்களை வேறொரு சக்தி இயக்குகிறது என்று உணர்வது.

சிந்தனைச் சீர்குலைவு: பேச்சு ஒரு பொருளிலிருந்து தொடர்பற்ற இன்னொன்றுக்குத் தாவுவது, முற்றிய நிலையில் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் சிதறுவது.

இவற்றோடு, நோக்கமற்ற, சூழலுக்குப் பொருந்தாத நடத்தையும் உண்டு. மணிக்கணக்கில் ஒரே நிலையில் உறைந்து நிற்றல், பேச்சற்றுப் போதல், காரணமற்ற பதற்றத்தோடு ஓயாமல் இயங்குதல் போன்ற உடலியக்க மாற்றங்களும் நேரலாம்.

இரண்டாவதும் மூன்றாவதும்

இரண்டாம் தொகுதி ‘எதிர்மறை அறிகுறிகள்’. இங்கே இயல்பாக இருக்க வேண்டியவை குறைந்துபோகின்றன. முகத்திலும் குரலிலும் உணர்ச்சி மங்கும். பேச்சு ஓரிரு சொற்களாகச் சுருங்கும். முன்பு விரும்பிச் செய்தவற்றில் இன்பம் இராது. உறவினரை, நண்பரை விட்டு விலகுவர். எழுந்து குளிக்கவும் வேலைக்குப் புறப்படவும் தேவையான உந்துதலே வற்றிவிடும்.

குரல் கேட்பவரை ஊர் சீக்கிரம் கவனித்துவிடும். எதிர்மறை அறிகுறி உள்ளவரையோ ‘சோம்பேறி’, ‘உருப்படாதவன்’ என்று தள்ளிவிடும். மருந்துகள் முதல் தொகுதி அறிகுறிகளைப் பெரும்பாலும் நன்றாகக் கட்டுப்படுத்துகின்றன. இரண்டாம் தொகுதியில் அவற்றின் பயன் குறைவு. ‘மாத்திரைதான் சாப்பிடுகிறானே, இன்னும் ஏன் வேலைக்குப் போகவில்லை?’ என்று கேட்கும் குடும்பங்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூன்றாம் தொகுதி, அறிதல்திறன் குறைபாடு: கவனத்தை ஒருமுகப்படுத்துதல், சற்றுமுன் கேட்டதை மனத்தில் நிறுத்துதல், திட்டமிடுதல் ஆகியவற்றில் ஏற்படும் தளர்வு. படிப்பும் வேலையும் பாதிக்கப்படுவதற்கு இது பெருங்காரணம்.

எப்போது நோய் என்று முடிவு செய்கிறார்கள்?

ஒரு நாள் குரல் கேட்டது, ஒரு வாரம் எவரோடும் பேசவில்லை என்பதை வைத்து யாரையும் மனச்சிதைவு நோயாளி என்று சொல்லிவிட முடியாது. ஐ.சி.டி. பதினோராம் பதிப்பின்படி, ஏழு வகை அறிகுறிகளில் குறைந்தது இரண்டு, ஒரு மாதமோ அதற்கு மேலோ பெரும்பாலான நேரம் நீடிக்க வேண்டும். அவற்றில் ஒன்றேனும் பிறழ்நம்பிக்கை, மாயப்புலனுணர்வு, சிந்தனைச் சீர்குலைவு, ஆட்படும் அனுபவம் ஆகிய நான்கில் ஒன்றாக இருக்க வேண்டும். அமெரிக்கக் கையேடு இன்னும் இறுக்கமானது. அறிகுறிகள் ஒரு மாதம் தீவிரமாக இருப்பதோடு, நோயின் அடையாளங்கள் மொத்தம் ஆறு மாதங்கள் தொடர வேண்டும். வேலை, உறவு, தன்னைப் பேணுதல் ஆகியவற்றில் சரிவும் தெரிய வேண்டும்.

போதைப்பொருள், மருந்துகளின் பக்கவிளைவு, மூளைக் கட்டி போன்ற உடல்நோய் ஆகியவை காரணமல்ல என்பதையும் மருத்துவர் உறுதி செய்தாக வேண்டும். இதைப் போலவே தோன்றும் வேறு நிலைகளும் உண்டு. திடீரெனத் தோன்றிச் சில நாள்களிலோ வாரங்களிலோ முழுமையாக மறையும் தற்காலிக மனநோய், பிறழ்நம்பிக்கை மட்டுமே நீடிக்கும் நோய், மனநிலை மாற்றமும் மனச்சிதைவும் இணைந்து வரும் நிலை ஆகியவற்றுக்குத் தனித்தனி இடங்கள் வகைப்பாட்டில் இருக்கின்றன.

பழைய பதிப்புகளில் நோயே பல வகைகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது: ஐயமும் துன்புறுத்தல் எண்ணமும் மேலோங்கும் வகை, பேச்சும் நடத்தையும் குலையும் வகை, உடலியக்கம் உறையும் வகை, வகைப்படுத்த இயலாத வகை, தீவிரம் தணிந்தபின் எஞ்சும் வகை என்பன. ஒரே நோயாளி காலப்போக்கில் ஒரு வகையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதும், சிகிச்சையைத் தீர்மானிக்க இப்பிரிவுகள் பெரிதும் உதவாததும் தெரிந்தபின், டி.எஸ்.எம். ஐந்தாம் பதிப்பும் ஐ.சி.டி. பதினோராம் பதிப்பும் இவற்றைக் கைவிட்டன. முதல் முறை வந்ததா, மீண்டும் மீண்டும் வருவதா, இடைவிடாது தொடர்வதா, இப்போது எந்த அறிகுறி எவ்வளவு கடுமை என்பதையே புதிய பதிப்பு பதிவு செய்யச் சொல்கிறது.

நீதிமன்றத்தில் நிற்கும் நமக்கு இது மிக முக்கியம். நோய் ஏறும், இறங்கும். அறிகுறிகள் வரும், போகும். என்றோ ஒருநாள் சீட்டில் எழுதப்பட்ட குறியீடு, சம்பவம் நடந்த நாளில் ஒருவர் கண் எதைக் கண்டது என்பதைச் சொல்லாது.

உலகச் சுகாதார அமைப்பின் கணிப்பில், உலகில் ஏறத்தாழ 300 பேரில் ஒருவர், அதாவது சுமார் 2.4 கோடிப் பேர் இந்நோயோடு வாழ்கின்றனர். பெரும்பாலும் பதின்பருவத்தின் இறுதியிலோ இருபதுகளிலோ இது தொடங்குகிறது. பெண்களைவிட ஆண்களுக்குச் சற்று முன்னதாகவே வருகிறது.

சாதி எங்கே நுழைகிறது?

பிறழ்நம்பிக்கையின் வரையறையை மீண்டும் பாருங்கள். நம்பிக்கை ‘உண்மைக்குப் புறம்பானது’ என்று முதலில் தெரிந்தாக வேண்டும். ஒரு தலித் முதியவர் மருத்துவரிடம், “எங்க தண்ணித் தொட்டியில யாரோ மலத்தைக் கலக்குறாங்க” என்று சொன்னால், சேரியை அறியாத மருத்துவரின் காதுக்கு அது துன்புறுத்தல் எண்ணமாகவே ஒலிக்கலாம். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், தலித் குடியிருப்பின் மேல்நிலைக் குடிநீர்த் தொட்டியில் மனிதக் கழிவு கிடந்தது. யார் செய்தது என்பதில் வழக்கும் சர்ச்சையும் எப்படிப் போனாலும், குடிநீரில் மலம் கிடந்தது உண்மை. ‘என்னைக் கண்காணிக்கிறார்கள்’, ‘எங்களைக் கொல்லப் பார்க்கிறார்கள்’, ‘தேநீர்க் கடையில் எல்லோரும் என்னைப் பார்த்துப் பேசுகிறார்கள்’ என்பவை ஒரு சாதி மறுப்புத் திருமணத் தம்பதியின் வாயிலிருந்து வரும்போது, அவை பெரும்பாலும் நிலைமையின் சரியான விவரிப்பு. எனவே ‘இது உண்மையா?’ என்று விசாரிப்பதும் மருத்துவரின் கடமைக்குள் அடங்கும்.

எதிர்மறை அறிகுறிகளிலும் இதே சிக்கல் உண்டு. ஆதிக்கச் சாதியார் முன் கண்ணைத் தாழ்த்து, கேட்டதற்கு மட்டும் பதில் சொல், முகத்தில் எதையும் காட்டாதே என்று தலைமுறை தலைமுறையாகப் பழக்கப்படுத்தப்பட்டவர்கள் நாம். அதிகாரத் தோரணையோடு அமர்ந்திருக்கும் ஒருவர் முன் அந்த அடக்கம் தானாக வந்துவிடுகிறது. ‘உணர்ச்சி மங்கல், பேச்சுக் குறைவு’ என்று அது சீட்டில் ஏறக்கூடாது. மறுபுறம், உண்மையிலேயே உந்துதல் வற்றிப் படுத்திருக்கும் தலித் இளைஞனைப் பண்ணையாரும் மேஸ்திரியும் ‘இவனுங்களே இப்படித்தான், சோம்பேறிங்க’ என்று சாதியின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். நோயில்லாத இடத்தில் நோயைக் காண்பது, நோயுள்ள இடத்தில் அதைக் காணாமல் விடுவது என்ற இரு பிழைகளுக்கும் வேர் ஒன்றே.

மூன்றாவது, நம் வழிபாடு. கொடையின்போது சாமியாடுபவருக்குக் குறிசொல்லும் குரல் வருகிறது. உடுக்கை நின்றதும் அவர் மறுநாள் வழக்கம்போல் வேலைக்குப் போகிறார். இறந்த தாயின் குரலைத் துக்க நாள்களில் கேட்பவர்கள் உண்டு. தம் சமூகம் ஏற்றுக்கொண்ட நம்பிக்கைக்குள், குறித்த காலத்தில் நிகழ்ந்து முடியும் இத்தகைய அனுபவங்களை நோயாகக் கொள்ளலாகாது என்பதை வகைப்பாட்டு ஏடுகளே ஏற்கின்றன. அதே மனிதர் கொடை முடிந்து மாதங்களான பின்னும் தூங்காமல், உண்ணாமல், குரல்களோடு சண்டையிட்டுக்கொண்டிருந்தால் அவருக்குச் சிகிச்சை தேவை.

பெயர் ஆயுதமான வரலாறு

இந்த அச்சம் கற்பனையன்று. 1851இல் சாமுவேல் கார்ட்ரைட் என்ற அமெரிக்க மருத்துவர், அடிமைகள் தப்பியோடுவதை ஒரு மனநோய் என்று எழுதி, அதற்கு ‘டிராப்டோமேனியா’ என்று பெயரும் வைத்தார். சவுக்கடியை அதற்கு மருந்தாகவும் பரிந்துரைத்தார். விடுதலை வேட்கையே அவருக்கு நோயாகத் தெரிந்தது.

1968இல் அமெரிக்காவின் புகழ்பெற்ற மனநல மருத்துவ இதழ் ஒன்றில், கறுப்பர் விடுதலை எழுச்சியின் தாக்கத்தால் கறுப்பின ஆண்களுக்கு ‘எதிர்ப்பு மனநோய்’ வருவதாக இரு மருத்துவர்கள் எழுதினர். அதே ஆண்டு வந்த டி.எஸ்.எம். இரண்டாம் பதிப்பு, ஐயம் மேலோங்கும் மனச்சிதைவு வகையை விவரிக்கையில் பகைமையும் ஆவேசமும் அடிக்கடி காணப்படும் என்றது. மிச்சிகன் மாநிலத்து அயோனியா மனநல மருத்துவமனையின் ஆவணங்களை ஆராய்ந்த மனநல மருத்துவர் ஜொனாதன் மெட்சல், அதுவரை பெரும்பாலும் வெள்ளையர் மீது, குறிப்பாகப் பெண்கள் மீது எழுதப்பட்ட இந்நோய், உரிமைப் போராட்டக் காலத்தில் கறுப்பின ஆண்களின் நோயாக மாறியதை எடுத்துக்காட்டினார். 1970களில் ஒரு மனநோய் மருந்தின் விளம்பரத்தில், முட்டியை உயர்த்திய கறுப்பின மனிதனின் கோபமுகம் வரையப்பட்டிருந்தது. 1972இல் மராட்டிய மண்ணில் எழுந்த தலித் சிறுத்தைகள் தங்கள் பெயரைப் பெற்றதும் அதே காலத்துக் கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்துதான்.

சோவியத் ஒன்றியத்தில் ‘மந்தகதி மனச்சிதைவு’ என்ற தனி வகையே உருவாக்கப்பட்டு, அரசை விமர்சித்தவர்கள் அதன் பெயரால் மருத்துவமனைகளில் அடைக்கப்பட்டனர். உலக அளவில் கண்டனம் வலுத்ததால், 1983இல் சோவியத் மனநல மருத்துவர் சங்கம் உலக மனநல மருத்துவச் சங்கத்திலிருந்து விலகியது. நாஜி ஜெர்மனியின் 1933ஆம் ஆண்டுக் கட்டாயக் கருத்தடைச் சட்டம், தன் பட்டியலில் மனச்சிதைவைப் பெயர் சொல்லியே சேர்த்தது.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது?

இத்தகைய அனுபவங்களின் பாடம், 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017இல் ஏறியிருக்கிறது. அதன் 3ஆம் பிரிவை ஒவ்வொரு வழக்கறிஞரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். மனநோயைத் தீர்மானிப்பது, மத்திய அரசு அறிவிக்கும் ஐ.சி.டி.யின் அண்மைப் பதிப்பு உள்ளிட்ட, ஏற்கப்பட்ட மருத்துவ நெறிகளின்படியே இருக்க வேண்டும். ஒருவரின் அரசியல், பொருளாதார, சமூக நிலையை வைத்தோ, பண்பாட்டு, இன, சமயக் குழுவைச் சேர்ந்தவர் என்பதை வைத்தோ அவருக்கு மனநோய் என்று முடிவு செய்யக்கூடாது. ஊரின் ஒழுக்க, சமூக, அரசியல் மதிப்பீடுகளோடு ஒத்துப்போகவில்லை என்பதும் காரணமாகாது. முன்பு சிகிச்சை பெற்றார் என்பது மட்டுமே இன்றைய முடிவுக்குப் போதாது. எல்லாவற்றுக்கும் மேலாக 3(5): ஒருவருக்கு மனநோய் இருப்பதாகத் தீர்மானிப்பதாலேயே, தகுதியுள்ள நீதிமன்றம் அறிவித்தாலன்றி, அவர் ‘சித்த சுவாதீனம் அற்றவர்’ ஆகிவிடமாட்டார்.

சாட்சியம் பற்றிய சட்டமும் இதையே சொல்கிறது. பழைய சாட்சியச் சட்டத்தின் 118ஆம் பிரிவு, இன்றைய பாரதிய சாட்சிய அதினியத்தின் 124ஆம் பிரிவு ஆகியவற்றின்படி, மனநலம் குன்றியவரும் சாட்சி சொல்லத் தகுதியுள்ளவரே. கேள்வியைப் புரிந்துகொண்டு பகுத்தறிவோடு விடையளிக்க இயலாதபடி அந்நிலை தடுத்தால் மட்டுமே தகுதி இல்லை. எனவே பார்க்க வேண்டியது சாட்சியின் விடையை. சீட்டின் குறியீட்டை வைத்து இதை முடிவு செய்ய முடியாது.

குறியீடு மட்டும் போதாது என்பதை உச்ச நீதிமன்றம் குடும்ப வழக்குகளிலும் சொல்லியிருக்கிறது. இந்து திருமணச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, மணமுறிவுக்கான மனக்கோளாறு பற்றிய விளக்கத்தில் இந்நோயைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. ஆயினும் ராம் நாராயண் குப்தா வழக்கில் 1988இலும், கொல்லம் சந்திரசேகர் வழக்கில் 2013இலும், நோயின் பெயரைக் காட்டினால் போதாது, சேர்ந்து வாழ நியாயமாக எதிர்பார்க்க முடியாத அளவுக்கு அது கடுமையானதா என்பதை நிறுவ வேண்டும் என்று நீதிமன்றம் கூறி, மணமுறிவை மறுத்தது.

நம் மக்கள் கேட்டுப் பெற வேண்டிய உரிமைகள் இன்னும் உள்ளன. சாதி உள்ளிட்ட எந்தப் பாகுபாடும் இன்றிச் சிகிச்சை பெறும் உரிமையைப் பிரிவு 18 தருகிறது. வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளோருக்கு அரசுச் சிகிச்சை இலவசம். நோய் பற்றிய தகவல் இரகசியமாகக் காக்கப்பட வேண்டும் என்கிறது பிரிவு 23. அந்த அம்மாவின் சீட்டு எதிர்த்தரப்பின் கைக்கு எப்படிப் போனது என்ற கேள்வியை நான் அன்றே எழுப்பியிருக்க வேண்டும். மனநோயாளியை எவ்வகையிலும் சங்கிலியிடுவதையும், சிகிச்சை என்ற பெயரில் கருத்தடை செய்வதையும் பிரிவு 95 தடை செய்கிறது. தெருவில் திரியும் நோயாளியைக் காவலர்கள் பாதுகாப்பில் எடுத்தால், எந்த நிலையிலும் காவல் நிலையச் சிறையில் அடைக்கக்கூடாது என்கிறது பிரிவு 100. இலவசச் சட்ட உதவிக்குப் பிரிவு 27. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இன் கீழ் மனநோயும் மாற்றுத்திறனே. அந்தச் சான்றிதழுக்கு மதிப்பிடும்போது தன்னைப் பேணுதல், உறவாடுதல், கருத்துப் பரிமாற்றம், வேலை ஆகிய நான்கிலும் உள்ள தடையையும் நோயின் காலத்தையும் பார்க்கிறார்கள்.

நாம் செய்யக்கூடாத பிழை

இவ்வளவும் சொன்னபின், இயக்கத் தோழர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். ‘மனநோய் எல்லாம் மேல்தட்டின் கட்டுக்கதை, ஒடுக்குமுறை ஒழிந்தால் இதுவும் ஒழியும்’ என்று பேசுவோர் நம்மிடையே உண்டு. பிறந்து வளர்ந்த வறுமையும் அவமானமும் மனத்தைக் காயப்படுத்துகின்றன என்பது உண்மை. குழந்தைப் பருவக் கொடுமைகள், இடம்பெயர்வு, கஞ்சா ஆகியவை இந்நோயின் வாய்ப்பைக் கூட்டுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. பரம்பரைக் கூறும் சேர்ந்தே இயங்குகிறது. ஆனால் பெற்றோரில் ஒருவருக்கு நோய் இருந்தாலும், பிள்ளைகளில் சுமார் பத்தில் ஒருவருக்கே வருகிறது. எந்த ஒரு காரணமும் தனியே இதை விளக்காது.

நோய் நோய்தான். 1950களில் குளோர்புரோமசின் வந்தது முதல் இதற்கு மருந்துகள் இருக்கின்றன. உரிய சிகிச்சையும் ஆதரவும் கிடைத்தால், மூவரில் ஒருவரேனும் முழுமையாக மீள முடியும் என்கிறது உலகச் சுகாதார அமைப்பு. சிகிச்சை தாமதிக்கும் ஒவ்வொரு மாதமும் மீட்சியைக் கடினமாக்குகிறது. நோயாளிகள் வன்முறையாளர்கள் என்ற அச்சமும் தவறு. அவர்கள் வன்முறைக்கு ஆளாவதே அதிகம்.

2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது 28 பேர் மாண்டார்கள். சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் அவர்களால் ஓடித் தப்ப முடியவில்லை. மருத்துவம் எட்டாத, பராமரிக்க வழியற்ற குடும்பங்கள்தான் தம் பிள்ளைகளை அப்படிப்பட்ட இடங்களில் விட்டுவந்தன. வட்டி வாங்கி மந்திரவாதியிடமும் கோடாங்கியிடமும் கொடுக்கும் பணத்துக்கு முன், மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு ஒரு பேருந்துச் சீட்டு எடுக்கச் சொல்வது நம் இயக்கப் பணியின் ஒரு பகுதியாக வேண்டும். 14416 என்ற அரசின் டெலி-மானஸ் எண்ணில் தொலைபேசி வழியாகவும் கட்டணமின்றி ஆலோசனை கிடைக்கும். சட்ட உதவிக்கு 15100.

அன்று நீதிமன்றத்தில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். நீதிபதி அந்தச் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார். பிறகு தாமே அந்த அம்மாவிடம் சில கேள்விகள் கேட்டார்: இன்று என்ன கிழமை, எதற்காக இங்கே வந்திருக்கிறீர்கள், பொய் சொன்னால் என்ன ஆகும். மூன்றுக்கும் விடை வந்தது. கடைசிக் கேள்விக்கு அவர் சொன்னது: “பொய் சொல்றதுக்கு நான் ஏன்யா ஒருநாள் கூலிய விட்டுட்டு வரணும்?” சாட்சி கேள்விகளைப் புரிந்துகொண்டு தெளிவாக விடையளிக்கிறார் என்று நீதிபதி பதிவு செய்தார். குறுக்கு விசாரணை, தொடங்கியிருக்க வேண்டிய இடத்திலிருந்து, சம்பவத்திலிருந்து, மீண்டும் தொடங்கியது.

எல்லா நீதிமன்றங்களிலும் இப்படி ஒரு நீதிபதி கிடைப்பார் என்று நாம் நம்பியிருக்க முடியாது. கிடைக்காத இடத்தில் எழுந்து நின்று 3ஆம் பிரிவைப் படித்துக் காட்ட வேண்டியது நம் வேலை. அந்த அம்மா இப்போதும் மாதந்தோறும் மாத்திரை வாங்கச் செல்கிறார். களை எடுக்கவும் செல்கிறார்.